சைட்டில் ஆள் அடிபட்டால்: கேட்டிலிருந்து அடிபட்டவர் வரைக்கும் உதவியைக் கொண்டு சேர்ப்பது எப்படி

சில வருஷத்துக்கு முன்னால், சென்னைக்குத் தெற்கே நான் வேலை பார்த்த ஒரு அடுக்குமாடி சைட்டில், ஐந்தாவது மாடி ஓரத்தில் சென்ட்ரிங் பலகை பிரித்துக்கொண்டிருந்த ஒரு தம்பி கால் தவறி மூன்றாவது மாடி சாரத்தின் மேல் விழுந்துவிட்டார். எங்கள் சூப்பர்வைசர் அடுத்த நிமிஷமே 108-க்குப் பேசிவிட்டார், அதில் குறையே இல்லை. ஆனால் பேசி முடித்த கையோடு அதே போனில் கான்ட்ராக்டருக்கு, அப்புறம் ப்ராஜெக்ட் மேனேஜருக்கு, அப்புறம் ஹெட் ஆபீசுக்கு என்று அடுத்தடுத்து அடித்துக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸில் வந்தவர்கள் வழி கேட்க அந்த எண்ணுக்கு அடிக்க அடிக்க பிஸி. மேப் காட்டிய இடத்துக்குப் போய் நின்றிருக்கிறார்கள், அது மெயின் ரோட்டில் இருந்த எங்கள் சேல்ஸ் ஆபீஸ். சைட் கேட் அங்கிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே. ஒருவழியாக கேட்டுக்கு வந்தால் அன்றைக்கு ஸ்லாப் கான்கிரீட், மூன்று ரெடிமிக்ஸ் லாரி வரிசையாக வழியை அடைத்து நிற்கிறது.

அந்தத் தம்பி பிழைத்துக்கொண்டார், இடுப்பெலும்பு முறிவோடு ஊருக்குப் போனார். ஆனால் 108 வண்டி எங்கள் ஏரியாவுக்கு வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்தைவிட, எங்களால் வீணான நேரம் அதிகம் என்பது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. வண்டியைச் சைட் வாசலுக்குக் கொண்டு வருவது அவர்கள் வேலை. வாசலிலிருந்து அடிபட்டவர் கிடக்கும் இடம் வரைக்கும் அவர்களைக் கொண்டு போவது முழுக்க முழுக்க நம் வேலை, அதை வேறு யாரும் நமக்காகச் செய்ய மாட்டார்கள். அன்றையிலிருந்து ஒவ்வொரு சைட்டிலும் நான் செய்துவருவதை முதலிலிருந்து எழுதுகிறேன். சைட் இன்ஜினியர், சேஃப்டி ஆபீசர், மேஸ்திரி, சொந்த வீடு கட்டுபவர் என்று யாராக இருந்தாலும் உங்களுக்குத் தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

1. யாருக்கு எப்போது அடிப்பது என்று முதலில் தெளிவாகுங்கள்

ஆம்புலன்ஸுக்கு 108, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கு 101, போலீஸுக்கு 100, எல்லாவற்றுக்கும் பொதுவாக 112. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது எங்கே என்றால், எந்தச் சூழலில் இரண்டு எண்ணுக்கும் சேர்த்து அடிக்க வேண்டும் என்பதில்.

ஆள் சாதாரணத் தரையில் கிடக்கிறார், தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்துவிடலாம் என்றால் 108 போதும். அவரை எடுக்கவே முடியாத நிலை என்றால், அதாவது மண்ணுக்குள் புதைந்திருக்கிறார், தொட்டிக்குள் மயங்கிக் கிடக்கிறார், பாதுகாப்பு பெல்ட்டில் அந்தரத்தில் தொங்குகிறார், கம்பி உடம்பில் குத்தி நிற்கிறது, இயந்திரத்தில் கை சிக்கியிருக்கிறது என்றால் 108-க்கும் 101-க்கும் ஒரே நேரத்தில் இரண்டு பேர் இரண்டு போனில் பேச வேண்டும். ஆம்புலன்ஸில் வருகிறவர்களிடம் வெட்டும் கருவியோ, மூச்சுக் கருவியோ, கயிறு போட்டு இறங்கும் ஏற்பாடோ இருக்காது. ஆம்புலன்ஸ் வந்த பிறகு “ஐயோ, ஃபயர் சர்வீசும் வேணுமே” என்று யோசிக்கிற சைட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மின்சார விபத்தும், சைட்டை ஒட்டிப் போகும் லைனில் கிரேனோ கம்பியோ பட்டதும் வேறு கதை. அங்கே மூன்றாவதாக ஒருவர் மின்வாரியத்துக்குப் பேச வேண்டும். மின்னகம் 94987 94987 மாநிலம் முழுவதுக்கும் பொது, ஆனால் உங்கள் ஏரியா பிரிவு அலுவலகத்தின் நேரடி எண்ணை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தால் லைனை நிறுத்துவது இன்னும் வேகமாக நடக்கும்.

2. வேலை தொடங்கும் வாரத்திலேயே தீயணைப்பு நிலையத்துக்கு நேரில் போங்கள்

இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை, செலவும் எதுவும் இல்லை. உங்கள் பகுதி நிலைய அலுவலரைப் பார்த்து, இந்த இடத்தில் இத்தனை மாடி கட்டுகிறோம், இத்தனை அடி ஆழம் தோண்டப் போகிறோம், இத்தனை பேர் வேலை செய்வார்கள், சைட்டுக்கு வரும் வழி இது என்று ஒரு பக்கத் தாளும் லே-அவுட் வரைபடமும் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிந்தால் ஒரு நாள் வண்டியோடு வந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் சைட்டுக்கு அப்படி வந்தபோது, கேட்டுக்கு முன்னால் குறுக்கே தொங்கிய கேபிள் டிவி ஒயரைக் காட்டி “இது இருந்தா எங்க வண்டி உள்ள வராது சார்” என்று முதல் நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார் ஓட்டுநர். ஆறு மாதமாக அந்த ஒயருக்குக் கீழேதான் தினமும் நடந்துகொண்டிருந்தோம்.

மருத்துவமனைக்கும் அப்படியே. பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு நர்சிங் ஹோமைக் குறித்து வைக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்க ஆள் இருக்கிறதா, தலைக்காயத்துக்கு அறுவை செய்யும் டாக்டர் வருவாரா, ரத்த வங்கி உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். இல்லை என்றால் அங்கே கொண்டு போவது இன்னொரு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காக ஒரு மணி நேரம் காத்திருப்பதுதான். சென்னையைச் சுற்றி என்றால் பெரிய தீக்காயத்துக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தீக்காயப் பிரிவு, பெரிய அடிக்கு ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மனதில் ஒரு வரைபடம் இருக்க வேண்டும். எங்கே கொண்டு போவது என்பதை 108-ல் வரும் மருத்துவ உதவியாளர்தான் முடிவு செய்வார், ஆனால் அவர் கேட்டால் சொல்ல நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, ‘இன்னுயிர் காப்போம்: நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரம் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று நிறையப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது சாலை விபத்துக்கு. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு அது பொருந்தாது. தனியார் மருத்துவமனைக்குப் போனால் முன்பணத்துக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு, அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி போனை எடுப்பாரா என்பதையும் இப்போதே கம்பெனியிடம் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

3. முகவரியைச் சரி செய்யுங்கள்

நம் சைட்டுகளின் முகவரியைக் கேட்டால் சர்வே நம்பரும் கிராமத்தின் பெயரும்தான் வரும். ப்ராஜெக்ட்டுக்கு ஒரு அழகான இங்கிலீஷ் பெயர் இருக்கும், அது பக்கத்து டீக்கடைக்காரருக்குக்கூடத் தெரியாது. 108-ல் உங்களிடம் பேசுகிறவர் மாநிலக் கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கு உங்கள் தெரு தெரியும் என்று நினைத்துப் பேசாதீர்கள்.

ஊர்க்காரர்கள் எந்தப் பெயரைச் சொல்கிறார்களோ அந்தப் பெயரில் முகவரி எழுதுங்கள். மாவட்டம், ஊர், மெயின் ரோட்டில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும், திரும்பும் இடத்தில் என்ன இருக்கிறது (கோயிலோ, பெட்ரோல் பங்கோ, பள்ளிக்கூடமோ), அங்கிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கேட். கேட்டுகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டு, ரோட்டிலிருந்தே தெரிகிற மாதிரி பெரிதாகப் பெயின்ட் அடியுங்கள். கூகுள் மேப்பில் உங்கள் ப்ராஜெக்ட் பெயரைத் தேடிப் பாருங்கள், அது சேல்ஸ் ஆபீசுக்கோ மாடல் ஃப்ளாட்டுக்கோ கொண்டு போனால் சைட் கேட்டுக்குத் தனியாக ஒரு இடக்குறி போட்டுவிடுங்கள்.

இந்த முகவரியை ஒரு அட்டையில் பேசுகிற வாக்கியமாகவே எழுதி, லேமினேட் செய்து, கேட்டில், சைட் ஆபீசில், ஹாய்ஸ்ட் (ஆளையும் பொருளையும் மேலே ஏற்றும் தற்காலிக லிஃப்ட்) பக்கத்தில், லேபர் காலனியில் ஒட்டுங்கள். தமிழிலும் இந்தியிலும். உங்கள் சைட்டில் ஒடியாவோ வங்காளமோ பேசுகிறவர்கள் அதிகம் என்றால் அதிலும். பதற்றத்தில் சொந்த வீட்டு முகவரியே மறந்துபோகும், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஜார்கண்டிலிருந்து வந்தவர் சைட் முகவரியை எப்படிச் சொல்வார்?

4. வண்டி உள்ளே வர வழி

தேசியக் கட்டிட விதித்தொகுப்பு உயரமான கட்டிடங்களுக்குத் தீயணைப்பு வண்டி நுழைய 6 மீட்டர் அகல வழி கேட்கிறது. வளைவு இருந்தால் அதற்குக் கீழே 4.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும். அது கட்டி முடித்த கட்டிடத்துக்கு. கட்டிக்கொண்டிருக்கும்போதும் அதே அளவை மனதில் வைத்துக்கொண்டு ஒரு வழியை மட்டுமாவது காலியாக வைத்திருங்கள். அந்த வழியில் ஜல்லி கொட்டக் கூடாது, கம்பி இறக்கக் கூடாது, “ரெண்டு நிமிஷம் சார்” என்று எந்த லாரியும் நிற்கக் கூடாது. ஸ்லாப் போடும் நாளில் லாரிகள் கேட்டுக்கு வெளியே ஒரு ஓரமாக வரிசையில் நிற்கட்டும், ஒவ்வொன்றாக உள்ளே விடுங்கள்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை சேறு ஒரு தனிப் பிரச்சினை. ஆம்புலன்ஸ் சேற்றில் சக்கரம் புதைந்து நின்றதையும், நம் ஜேசிபியே அதை இழுத்து வெளியே விட்டதையும் பார்த்திருக்கிறேன். பழைய ஸ்டீல் பிளேட் கிடந்தால் அந்த வழியில் போட்டுவிடுங்கள், இல்லையென்றால் கட்டிட இடிபாட்டைக் கொட்டி ரோலர் ஓட்டுங்கள்.

வண்டி வந்து நின்ற பிறகு மேலே எப்படிப் போவது? இதற்கு ஒரே வழி, டேப் எடுத்து அளப்பதுதான். ஹாய்ஸ்ட் கூண்டுக்குள் ஸ்ட்ரெச்சரைப் படுக்கை வாட்டில் வைக்க முடிகிறதா? முதுகெலும்பில் அடிபட்டவரை சேரில் உட்கார வைத்து இறக்கக் கூடாது. ஹாய்ஸ்டில் முடியாது என்றால் படிக்கட்டு, அந்தப் படிக்கட்டில் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா, கைப்பிடி இருக்கிறதா, கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறதா, ராத்திரி லைட் எரிகிறதா. டவர் கிரேன் ஆபரேட்டருக்கு மேலே கேபினில் நெஞ்சுவலி வந்தால் எப்படி இறக்குவீர்கள் என்பதையும் கிரேன் கம்பெனிக்காரரோடும் நிலைய அலுவலரோடும் பேசி ஒரு முடிவு எடுத்து வையுங்கள். கேபின் ஏணிக்கூண்டு வழியாக மயங்கிய ஆளை நான்கு பேர் சேர்ந்தும் இறக்க முடியாது.

5. யார் என்ன செய்வது

பெயரை எழுதாதீர்கள், பொறுப்பை எழுதுங்கள். பெயர் எழுதினால் அந்த ஆள் லீவில் போகும் நாளில்தான் விபத்து நடக்கும். ஒவ்வொரு ஷிப்டிலும் இந்த வேலைகளுக்கு ஆள் இருக்க வேண்டும்: 108-க்குப் பேசுபவர், மெயின் ரோட்டுத் திருப்பத்தில் போய் நிற்பவர், கேட்டைத் திறந்து லாரிகளை ஒதுக்கும் செக்யூரிட்டி, வண்டிக்கு முன்னால் நடந்து வழிகாட்டுபவர், அடிபட்டவர் பக்கத்திலேயே இருக்கும் முதலுதவியாளர், கூட்டத்தை விலக்குபவர், தலை எண்ணுபவர்.

மெயின் ரோட்டில் நிற்கிற ஆளை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சட்டைக்கு மேல் பளிச்சென்று தெரிகிற ஜாக்கெட், கையில் சிவப்புக் கொடி, ராத்திரி என்றால் டார்ச். பைக்கில் போய் நின்றால் வண்டிக்கு முன்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம். நான் சொல்கிற எல்லாவற்றிலும் இந்த ஒரு ஆள்தான் அதிக நேரத்தை மிச்சப்படுத்துகிறார்.

சட்டப்படி பார்த்தால், கட்டிடத் தொழிலாளர்களுக்கான 1998 மைய விதிகள் 500 பேருக்கு மேல் வேலை செய்யும் சைட்டில் எழுத்து வடிவில் அவசரகாலத் திட்டம் வேண்டும் என்றன. தீ, கிரேன் சரிவு, கட்டிடம் சரிவது, வாயுக் கசிவு, மண் சரிவு என்று எதற்கெல்லாம் என்றும் பட்டியல் போட்டிருந்தன. 500 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு நமக்கில்லை என்று விட்டுவிடாதீர்கள். 30 பேர் வேலை செய்யும் சைட்டிலும் மண் சரியும்.

6. அந்த போன்

பேசுகிறவர் அடிபட்டவருக்குப் பக்கத்தில், ஆனால் சத்தம் இல்லாத இடத்தில் நிற்க வேண்டும். பேஸ்மென்ட்டில் சிக்னல் கிடைக்காது, எந்த இடத்தில் கிடைக்கும் என்று முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். இப்படிப் பேசலாம்:

“செங்கல்பட்டு மாவட்டம், இன்ன ஊர். பில்டிங் கட்டுற சைட்ல இருந்து பேசுறேன். ஒருத்தர் மூணாவது மாடியில இருந்து விழுந்துட்டார். முப்பது வயசு இருக்கும். மூச்சு இருக்கு, பேச்சு இல்ல, தலையில ரத்தம் வருது. மெயின் ரோட்டுல பெட்ரோல் பங்க் பக்கத்துல சிவப்புக் கொடியோட ஆள் நிப்பார். கேட் நம்பர் 2. இந்த நம்பர்லயே இருக்கேன்.”

அவ்வளவுதான். எப்படி விழுந்தார், ஏன் பெல்ட் போடவில்லை என்பதெல்லாம் அவர்களுக்கு வேண்டாம். அவர்கள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், அவர்கள் வைக்கும் வரை நீங்கள் போனை வைக்காதீர்கள்.

அதற்குப் பிறகு அந்த போனைத் தொடக் கூடாது. வண்டியிலிருந்து பைலட்டோ (108 ஓட்டுநரை அப்படித்தான் சொல்வார்கள்) மருத்துவ உதவியாளரோ அந்த எண்ணுக்குத்தான் திரும்ப அடிப்பார். முதலாளிக்குச் சொல்வது, மேனேஜருக்குச் சொல்வது எல்லாம் வேறு ஆள், வேறு போன். இதற்காகவே நான் இப்போதெல்லாம் சைட் ஆபீசில் ஒரு சாதாரண பட்டன் போன் தனி சிம்மோடு எப்போதும் சார்ஜில் வைத்திருக்கிறேன், அதில் வேறு யாரும் பேசக் கூடாது.

7. அவர்கள் வரும் வரை

விழுந்தவரைத் தூக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். நம் ஆட்கள் பாசத்தில் இரண்டு பேர் கையையும் இரண்டு பேர் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவார்கள், முதுகெலும்பு உடைந்திருந்தால் அந்தத் தூக்கலிலேயே காலம் முழுக்க நடக்க முடியாமல் போய்விடும். மேலே இருந்து இன்னும் ஏதாவது விழும் ஆபத்தோ தீயோ இருந்தால் மட்டும் நகர்த்துங்கள். மற்றபடி தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திக்கொண்டு காத்திருங்கள்.

குத்திய கம்பியை உருவவே கூடாது, கம்பிதான் அந்த நேரத்தில் ரத்தக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஆளையும் கம்பியையும் அசையாமல் தாங்கிப் பிடித்திருங்கள், வெட்டுவதைத் தீயணைப்பு வீரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

ஷாக் அடித்தவரைத் தொடும் முன் மின்சாரத்தை நிறுத்துங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது, ஈ.பி. மெயினை ஆஃப் செய்ததும் தானியங்கி பேனல் இருந்தால் டீசல் ஜெனரேட்டர் சில நொடியில் தானாகவே ஓடத் தொடங்கி அதே லைனுக்கு மறுபடி கரன்ட் கொடுத்துவிடும். இரண்டையும் நிறுத்துவது எப்படி என்று ஒவ்வொரு ஷிப்டிலும் குறைந்தது இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நிறுத்திய பிறகு மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சை அழுத்துங்கள், நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்டிமீட்டர் ஆழம், ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி மாற்றி.

பெல்ட்டில் தொங்குகிறவர் பிடித்துக்கொண்டாரே, தப்பித்தார் என்று நினைக்காதீர்கள். அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி சில நிமிஷங்களிலேயே மயக்கம் வரலாம். நினைவு இருந்தால் காலை உதைத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள், காலை ஊன்ற ஒரு கயிறு வளையம் இறக்கிக் கொடுங்கள், 101 வருவதற்குள் நம் ஆட்களாலேயே பாதுகாப்பாக இறக்க முடியுமா என்று பாருங்கள்.

மூடிய தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கழிவு இருக்கிற தொட்டியில்தான் விஷவாயு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். புதிதாகக் கட்டிய, ஒரு சொட்டுக் கழிவுகூட இறங்காத சம்ப்பிலும் செப்டிக் டேங்கிலும் சென்ட்ரிங் பிரிக்க இறங்கியவர்கள் செத்திருக்கிறார்கள். பல நாள் மூடியே கிடக்கும், உள்ளே தண்ணீர் தேங்கி ஈரப் பலகை அழுகும், அது காற்றில் உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். இறங்கியவர் ஒரு சத்தமும் இல்லாமல் சரிவார், அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார், அண்ணனைத் தூக்க மேஸ்திரி இறங்குவார். ஒருவர் விழுந்தால் யாரையும் உள்ளே விடாதீர்கள், கட்டிப் பிடித்தாவது நிறுத்துங்கள். எல்லா மூடியையும் திறந்து, புளோயர் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே அடித்து, 101-க்குப் பேசும்போது “தொட்டிக்குள்ள ஆள், மூச்சுக் கருவி வேணும்” என்று அந்த வார்த்தையிலேயே சொல்லுங்கள்.

மண் சரிந்தால் ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை என்பதை நினைவில் வையுங்கள், இடுப்பு வரை புதைந்தவரைக்கூட இழுத்து எடுக்க முடியாது, நெஞ்சு வரை என்றால் மூச்சே விட முடியாது. எல்லோரும் செய்யும் தவறு ஜேசிபியை உடனே ஓரத்துக்குக் கொண்டு வருவது. அதன் எடையிலும் அதிர்விலும் மிச்ச மண்ணும் சரியும், பக்கெட் புதைந்தவரின் மேலேயே படும். எல்லா இயந்திரத்தையும் அணையுங்கள், பள்ளத்தின் ஓரத்திலிருந்து ஆட்களைப் பின்னால் தள்ளுங்கள். கடைசியாக அவரைப் பார்த்த இடத்தில் ஒரு கம்பியை நட்டு அடையாளம் வையுங்கள், முகம் தெரிகிறது என்றால் பக்கவாட்டு மண் சரியாமல் பலகை முட்டுக் கொடுத்தபடி கையால் முகத்தையும் நெஞ்சையும் சுற்றி மண்ணை விலக்குங்கள்.

ஏதாவது ஒன்றின் அடியில் கால் நசுங்கிக் கிடந்தவருக்கு, எத்தனை மணிக்குச் சிக்கினார் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். நெடுநேரம் நசுங்கிய தசை விடுபடும்போது அதிலிருந்து பொட்டாசியம் ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்தும் அபாயம் உண்டு, அந்த நேரக் கணக்கு மருத்துவ உதவியாளருக்கு மிக முக்கியம்.

8. தலை எண்ணுவது

2023 நவம்பர் 12 அன்று உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கத்தில் மண் சரிந்தபோது உள்ளே சிக்கியவர்கள் 40 பேர் என்றுதான் முதலில் சொன்னார்கள். பல நாள் கழித்துத்தான் 41 பேர் என்று தெரிந்தது. 17ஆம் நாள் 41 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். அந்த நாற்பத்தொன்றாவது ஆளின் வீட்டை நினைத்துப் பாருங்கள்.

சென்னை மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டிடம் இடிந்து 61 பேர் இறந்தார்கள், 27 பேர் மீட்கப்பட்டார்கள். ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நிறையப் பேர். இடிபாடு முன்னால் வந்து நிற்கும் மீட்புப் படை அதிகாரி கேட்கும் முதல் கேள்வி “உள்ளே எத்தனை பேர்?” என்பதுதான். அந்தப் பதிலை வைத்துத்தான் எங்கே தோண்டுவது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பார்கள்.

ஆகவே கம்பெனி மஸ்டரை, அதாவது வருகைப் பதிவேட்டை, மட்டும் நம்பாதீர்கள். கம்பி வேலை ஒரு சப்-கான்ட்ராக்டர், சென்ட்ரிங் இன்னொருவர், பிளம்பிங் வேறொருவர், காலையில் பொருள் இறக்க வந்த லாரி கிளீனர், சாப்பாடு கொண்டு வந்த அம்மா, யாரும் அந்த மஸ்டரில் இருக்க மாட்டார்கள். கேட்டில் ஒரு பலகையில் டோக்கன் முறை வையுங்கள், உள்ளே போகும்போது எடுத்துக்கொண்டு, வெளியே வரும்போது மாட்டிவிட வேண்டும். அந்தப் பலகையைக் கட்டிடத்திலிருந்து தள்ளி, கேட்டில் வையுங்கள், சைட் ஆபீசே இடிபாட்டுக்குள் போனால் பதிவேடும் போய்விடும். ஒவ்வொரு டோக்கனுக்கும் பெயர், ஊர், வீட்டு போன் எண் ஒரு நோட்டில் இருக்கட்டும், அதன் போட்டோ வெளியில் இருக்கும் ஒருவரிடமும் இருக்கட்டும்.

9. அவர்கள் வந்ததும்

ஒரே ஒருவர் பேச வேண்டும். பத்து பேர் பத்து கதை சொன்னால் நிலைய அலுவலர் எதை நம்புவார்? அவரிடம் போய் “நான்தான் சைட் பொறுப்பு” என்று சொல்லி இவற்றைக் கொடுங்கள்: எத்தனை பேர் காணவில்லை, கடைசியாக எங்கே இருந்தார்கள், கட்டிட வரைபடம், எந்த ஸ்லாப் எப்போது போட்டது, எந்த முட்டு இன்னும் பிரிக்கவில்லை, கரன்ட் நிறுத்தியாகிவிட்டதா, டீசலும் கேஸ் சிலிண்டரும் எங்கே இருக்கின்றன, தண்ணீர் எங்கே கிடைக்கும்.

அதன் பிறகு மீட்பு அவர் கையில். கிரேன் ஆபரேட்டர், ஜேசிபி ஆபரேட்டர், கேஸ் கட்டர் தெரிந்தவர், இந்த மூன்று பேரையும் அவர் கண் படும் இடத்தில் தயாராக நிற்க வையுங்கள், ஆனால் அவர் கேட்காமல் ஒரு லீவரையும் தொடக் கூடாது. உள்ளே யாராவது கூப்பிடும் சத்தம் கேட்கிறதா என்று பார்க்க அவர் அமைதி கேட்டால் ஜெனரேட்டர் உட்பட எல்லாம் நிற்க வேண்டும், போனில் பேசுவதும் நிற்க வேண்டும். இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒருவர் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும், இடிபாட்டுக்குள்ளிருந்து வரும் குரல் தமிழில் வரும் என்று சொல்ல முடியாது.

10. மருத்துவமனை, போலீஸ், வீடு

ஆம்புலன்ஸில் கூட ஒருவர் போக வேண்டும், அடிபட்டவரின் மொழி தெரிந்தவராகவும், எப்படி விழுந்தார் என்று நேரில் பார்த்தவராகவும் இருந்தால் நல்லது. ஆதார் நகல், நல வாரிய அட்டை, சர்க்கரையோ வலிப்போ இருந்தால் அதற்கான மாத்திரை விவரம், கொஞ்சம் பணம். “போலீஸ் கேஸ், நாங்கள் பார்க்க மாட்டோம்” என்று எந்த மருத்துவமனையாவது சொன்னால், அரசோ தனியாரோ எந்த டாக்டரும் உயிர் காக்கும் சிகிச்சையை உடனே தர வேண்டும், சட்ட நடைமுறை பிறகுதான் என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கடாரா வழக்கில் தீர்ப்பு சொல்லியிருக்கிறது என்பதை மரியாதையாகச் சொல்லுங்கள்.

விபத்து நடந்த இடத்தைக் கழுவாதீர்கள், அறுந்த கயிற்றை ஒளிக்காதீர்கள், அவசரமாகக் கைப்பிடி வேலி கட்டிப் போட்டோ எடுக்காதீர்கள். மீட்புக்காக நகர்த்தியதைத் தவிர எல்லாம் அப்படியே இருக்கட்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். உயிர் போயிருந்தால் 4 மணி நேரத்துக்குள் என்று 1998 விதிகள் கெடு வைத்தன, நான் அந்தக் கெடுவைத்தான் எப்போதும் கணக்கில் வைத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்குச் சொல்வது கஷ்டமான வேலை, அதைச் சித்தாள்களின் வாட்ஸ்அப்புக்கு விட்டுவிடாதீர்கள். விபத்து நடந்த பத்து நிமிஷத்தில் வீடியோ ஊருக்குப் போய்விடுகிறது. ஒரு தாய் தன் மகன் கிடக்கும் கோலத்தை போன் திரையில் முதலில் பார்ப்பது போலக் கொடுமை வேறு இல்லை. படம் எடுப்பதை முதல் நிமிஷத்திலேயே தடுத்து, அவர் ஊர்க்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு, பொறுப்பில் உள்ளவரே போன் செய்து, உண்மையைச் சொல்லி, எந்த மருத்துவமனை, யாரைக் கேட்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்.

11. ஒத்திகை

தாளில் இருப்பதெல்லாம் ஒரு தடவை ஓடிப் பார்த்தால்தான் எங்கே உடைகிறது என்று தெரியும். பகலில், எல்லோரும் காத்துக்கொண்டிருக்கும்போது செய்யும் மாக் டிரில்லால் பெரிய பிரயோஜனம் இல்லை. ராத்திரி ஷிப்டில், ஸ்லாப் போடும்போது, மழை நாளில் செய்யுங்கள். நம் சைட்டின் டாடா ஏஸையே ஆம்புலன்ஸாக வைத்து மெயின் ரோட்டிலிருந்து வரச் சொல்லி, 70 கிலோ எடையில் சிமென்ட் மூட்டையும் மணலும் கட்டி ஒரு பொம்மையை ஏழாவது மாடியில் போட்டு, ஸ்டாப் வாட்ச் வைத்து மூன்று நேரத்தைக் குறியுங்கள்: போன் செய்ததிலிருந்து மெயின் ரோட்டில் ஆள் போய் நிற்கும் வரை, கேட்டிலிருந்து பொம்மை வரை, பொம்மையிலிருந்து வண்டி வரை. நாங்கள் முதல் தடவை செய்தபோது ஹாய்ஸ்ட் ஆபரேட்டர் டீ குடிக்கப் போயிருந்தார், சாவி அவர் பாக்கெட்டில். இப்போது இரண்டாவது சாவி கேட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் தொங்குகிறது.

சின்ன வேலைகளுக்கு

மேஸ்திரியும் எட்டுப் பேரும் வைத்து வீடு கட்டுகிறவர்கள் இதையெல்லாம் எங்கே செய்வது என்று கேட்பார்கள். நீங்கள் செய்ய வேண்டியது ஒரு மணி நேர வேலைதான். காலையில் வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதுங்கள். தெருவில் வண்டி வருகிற பக்கம் செங்கல்லையும் மணலையும் குவிக்காதீர்கள். மேஸ்திரிக்கும் இன்னொருவருக்கும் நெஞ்சை அழுத்துவது எப்படி என்று ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். சம்ப் மூடியைத் திறந்து வைத்து ஒரு நாளாவது காற்றாட விடாமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள், அதற்குப் பிறகும் மேலே ஒருவர் நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கட்டும். அப்புறம் ஒரு பெயின்ட் டப்பா எடுத்து, குயூரிங்குக்கு (கான்கிரீட்டை நனைத்து வைக்க) வைத்திருக்கும் தண்ணீர் டிரம்மின் மேல் 108 என்றும், அதற்குக் கீழே வீட்டு முகவரியும், திரும்ப வேண்டிய இடத்தின் அடையாளமும் எழுதிவிடுங்கள். அந்த டிரம் வேலை முடியும் வரை அங்கேயேதான் இருக்கும், எல்லோரும் ஒரு நாளைக்குப் பத்து தடவையாவது அதன் பக்கத்தில் போவார்கள்.